எண் கோலங்கள்: அர்த்தம் தேடுவதா, காரணம் தேடுவதா?

திருகோணமலையில் கணக்குப் படிப்பிக்கிற எவருடைய போனுக்கும் இந்தச் செய்தி வந்திருக்கும்: "2520 ஓர் அதிசய எண். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். வாரத்தின் 7 நாள், மாதத்தின் 30 நாள், ஆண்டின் 12 மாதம் மூன்றையும் பெருக்கினாலும் 2520தான். கண்டுபிடித்தவர் ராமானுஜன். எல்லோருக்கும் அனுப்புங்கள்." அப்புறம் 142857 பற்றி ஒன்று வரும். அதற்கடுத்து 6174.

பிள்ளைகள் அதைக் காட்டி இரண்டு விதமாகக் கேட்பார்கள். "சேர், இதில ஏதோ இருக்குத்தானே?" என்பது ஒன்று. "இதால என்ன பிரயோசனம்?" என்பது மற்றது. இரண்டும் நல்ல கேள்விகள். அவற்றுக்கு ஊரில் கிடைக்கிற பதில்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. சிலர் எண்களுக்குள் தெய்வச் செய்தி ஒளிந்திருப்பதாகச் சொல்லிப் பிள்ளையை மலைக்க வைக்கிறார்கள். சிலர் "பரீட்சைக்கு வராது, விடு" என்று சொல்லி வாயை மூடுகிறார்கள். இரண்டு பதிலுமே பிள்ளையை "ஏன்?" என்று கேட்கவிடுவதில்லை. அந்த "ஏன்"தான் விஷயமே. எண் கோலத்துக்குக் காரணம் இருக்கும். பிரயோசனம் ஏதாவது கிடைத்தால் அந்தக் காரணத்திலிருந்துதான் கிடைக்கும்.

2520: முதலில் சுலபமானது

இந்த எண்ணைச் சாதாரண தரப் பிள்ளை எவரும் தானே செய்து எடுக்கலாம். தேவையானது பொ.ம.சி., அதாவது பொது மடங்குகளுட் சிறியது. கொடுத்த எண்கள் எல்லாவற்றாலும் வகுபடக்கூடிய மிகச் சிறிய எண் அது. 1 முதல் 10 வரை எடுத்தால் 8 வேண்டும். 2உம் 4உம் அதற்குள் அடங்கிவிடும். 9 வேண்டும், 3 அதற்குள் அடங்கும். 5உம் 7உம் வேண்டும். 6உம் 10உம் தாமாகவே வந்துவிடும். 8 × 9 × 5 × 7 = 2520. அவ்வளவுதான்.

நாட்காட்டிப் பெருக்கம்? 30ஐ உடைத்தால் 2 × 3 × 5. 12ஐ உடைத்தால் 2 × 2 × 3. பக்கத்தில் ஒரு 7. மொத்தம் மூன்று 2, இரண்டு 3, ஒரு 5, ஒரு 7. மேலே உள்ள அதே காரணிகள். எல்லா மாதத்துக்கும் 30 நாள் இல்லை என்பதையும் அந்தச் செய்தி வசதியாக மறந்துவிடுகிறது.

ராமானுஜன் பெயரை இதில் இழுக்க வேண்டியதில்லை. பொ.ம.சி. காணும் வழி கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் காலத்திலேயே, 2000 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. ராமானுஜனின் பெருமைக்கு 1729 போதும். அவரைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி ஏறிவந்த வாடகைக் காரின் இலக்கம் அது, அதன் விசேஷத்தை ராமானுஜன் உடனே சொன்னார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். 1729 = 1³ + 12³ = 9³ + 10³. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண். இது அந்தக் கணத்தில் வானத்திலிருந்து விழுந்ததில்லை. இரண்டு கன எண்களைக் கூட்டினால் இன்னொரு கன எண் வராது. ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ எவ்வளவு கிட்ட வரும் என்று ராமானுஜன் தேடிக்கொண்டிருந்தவர். 9³ + 10³ = 12³ + 1 என்பது அவருடைய குறிப்புகளில் இருக்கிறது. தேடியவர் கண்ணுக்கு அது பட்டது.

கன்னியாவில் ஏழு கிணறு

அடுத்தது 142857. இதற்கு ஒரு சின்ன ஆயத்தம் வேண்டும்.

அநுராதபுரம் வீதியால் போய் உள்ளே திரும்பினால் கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒவ்வொன்றிலும் ஒரு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு அடுத்ததுக்குப் போவோம். ஏழாவது முடிந்தால் திரும்ப முதலாவது. இப்படியே போனால் நூறாவது வாளி எந்தக் கிணற்றில்?

நூறு வாளியும் அள்ளிப் பார்க்கத் தேவையில்லை. 100ஐ 7ஆல் வகுத்தால் 14 முழுச் சுற்று, மீதி 2. ஆகவே இரண்டாவது கிணறு. எத்தனை சுற்று என்பது இங்கே தேவையில்லை, மீதி மட்டும் போதும். 2, 9, 16, 100 எல்லாம் ஒரே கிணற்றில் வந்து நிற்கும். மீதியை மட்டும் வைத்துச் செய்யும் இந்தக் கணக்குக்கு மட்டு எண்கணிதம் என்று பெயர். இன்றைக்குச் செவ்வாய் என்றால் நூறு நாள் கழித்து வியாழன் என்று சொல்ல முடிவதும் இதனால்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கிணறு ஏழுதான். எங்கே போனாலும் இந்த ஏழுக்குள்தான் நிற்க வேண்டும். ஒரே விதியின்படி நடந்துகொண்டே இருந்தால், நின்ற இடத்துக்கே திரும்ப வந்துதான் ஆக வேண்டும்.

142857 ஏன் சுற்றுகிறது?

2ஆல் பெருக்கினால் 285714. 3ஆல் பெருக்கினால் 428571. 6 வரைக்கும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. 7ஆல் பெருக்கினால் 999999. முதல் தடவை பார்க்கிற எவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு கடதாசியை எடுத்து 1ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள். விடையைப் பார்க்காமல் மீதியைப் பாருங்கள்.

10இல் 7 ஒரு தடவை, மீதி 3.
30இல் நாலு தடவை, மீதி 2.
20இல் இரண்டு தடவை, மீதி 6.
60இல் எட்டுத் தடவை, மீதி 4.
40இல் ஐந்து தடவை, மீதி 5.
50இல் ஏழு தடவை, மீதி 1.

1இலிருந்து தொடங்கினோம், 1க்கே வந்துவிட்டோம். இனி எல்லாம் திரும்ப அதேதான். விடையில் எழுதிய இலக்கங்கள் 1, 4, 2, 8, 5, 7. ஆக, 1/7 = 0.142857142857…

இப்போது 3/7 என்ன? அதே நடை, மீதி 3இல் இருந்து தொடங்குகிறது. அந்த இடத்திலிருந்து வாசித்தால் 428571. ஏழாவதாக இருக்கிற மீதி 0. அதற்குப் போனால் வகுத்தல் முடிந்துவிடும். மற்ற ஆறு மீதிகளும் ஒரே சுற்றில் மாட்டியிருப்பதால், எதிலிருந்து தொடங்கினாலும் அதே மாலைதான். 999999 வந்ததுக்கும் காரணம் இதுவே. ஆறு அடியில் மீதி 1க்கு வந்தோம் என்றால், 1000000ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1 என்று பொருள். அந்த 1ஐக் கழித்துவிட்டால் 999999 சரியாக வகுபடும்.

சுருக்கமாக: 142857 தனியே நிற்கிற மந்திர எண் கிடையாது. பத்தின் அடியில் எழுதும்போது 1/7 விட்டுச் செல்கிற சுவடு அது.

பத்தின் அடியில் என்றால்?

நாங்கள் எண்ணை எழுதும் முறைக்கு அடி பத்து. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று இடத்துக்கு இடம் பத்து மடங்கு. கையில் பத்து விரல் இருப்பதைத் தவிர இதற்குப் பெரிய நியாயம் எதுவும் கிடையாது. எட்டு விரல் இருந்திருந்தால் எட்டு மடங்காக எழுதியிருப்போம். எண் மாறாது, எழுத்து மாறும்.

பல "அதிசயங்கள்" எழுத்தில் இருப்பவை. 9இன் வாய்ப்பாட்டில் 18, 27, 36 எல்லாவற்றிலும் இலக்கங்களைக் கூட்டினால் 9 வருவது அப்படிப்பட்டது. 10 என்பது 9 + 1. 100 என்பது 99 + 1. 1000 என்பது 999 + 1. ஆகவே 4581ஐ 9ஆல் வகுக்கும்போது ஒவ்வொரு இடத்திலிருந்தும் 9இன் மடங்கு கழன்றுபோய், கடைசியில் மிஞ்சுவது 4 + 5 + 8 + 1 = 18. அதையும் கூட்டினால் 9. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஓர் இலக்கமாக்குவது என்பது, 9ஆல் வகுத்து மீதி பார்ப்பதற்கு இன்னொரு வழி. மீதி 0 என்றால் 9 என்று வரும்.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்டோவின் இலக்கத் தகட்டுக்கு, போன் இலக்கத்துக்கு, பிள்ளையின் பெயர் எழுத்துக்கு "கூட்டு எண்" பார்த்து, நல்ல எண் கிடைக்க மேலதிகமாகக் காசு கொடுக்கிறவர்கள் எங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள். 8 வந்துவிட்டது என்று கலங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது 9ஆல் வகுத்த மீதியை. 4581 என்ற அதே எண்ணை எட்டின் அடியில் எழுதினால் 10745. இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு. பதினேழை அந்த முறையில் எழுதினால் 21. அதையும் கூட்டினால் 3. ஆட்டோ மாறவில்லை, ஓட்டுகிறவர் மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது. எழுதும் முறையோடு மாறிப் போகிற ஒன்று, ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வழியில்லை. பிறந்த திகதியும் இப்படித்தான்: ஆங்கிலத் திகதிக்கு ஒரு கூட்டு எண், தமிழ்த் திகதிக்கு வேறொன்று.

அதே 9இன் குணத்துக்கு உண்மையான பயன் ஒன்று கடற்கரையிலேயே உண்டு. மீன் வாடியில் கணக்கு எழுதுகிறவர் 3,720 ரூபாயை அவசரத்தில் 3,270 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். மாலையில் கணக்கு 450 ரூபாய் இடிக்கும். 450 ஒன்பதால் வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் இருக்கும். அதனால் அனுபவமுள்ள கணக்காளர், வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் முதலில் இலக்கம் மாறியிருக்கிறதா என்றுதான் தேடுவார். வேறு பிழையாகவும் இருக்கலாம், ஆனால் தேடத் தொடங்க நல்ல இடம் அது.

6174: காரணம் உண்டு, வேலை இல்லை

மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் 1949இல் வெளிப்படுத்தியது இது. நாலு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். வந்த விடைக்கும் அப்படியே செய்யுங்கள் (இலக்கம் குறைந்தால் முன்னால் 0 போட்டு நாலாக்குங்கள்). 1948ஐ எடுத்தால்: 9841 − 1489 = 8352. பிறகு 8532 − 2358 = 6174. அதற்குப் பிறகு 7641 − 1467 = 6174. அங்கேயே நின்றுவிடும். எந்த எண்ணும் ஏழு தடவைக்குள் இங்கே வந்து சேரும்.

ஏன்? பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆலும், நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தல் விடை வந்துவிடும். 1948இல் 8 × 999 + 4 × 90 = 8352. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை; இரண்டாவது 0 முதல் முதலாவது வரை. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 சோடிகள். ஆயிரக்கணக்கான எண்களில் எதை எடுத்தாலும் முதல் கழித்தலோடு இந்த 54 விடைகளில் ஒன்றாகிவிடுகிறது! 54 இடங்களுக்குள் ஒரே விதியோடு நடந்தால் எங்கேயாவது சுற்றத்தான் வேண்டும். கன்னியாவில் பார்த்த அதே நியாயம். அந்தச் சுற்று ஒரே எண்ணாகச் சுருங்கியது நாலு இலக்கத்துக்கு வாய்த்தது. மூன்று இலக்கத்துக்கு 495 வரும். இரண்டு இலக்கத்தில் ஒரே எண்ணில் நிற்காமல் 9, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்து இலக்கத்திலும் ஒரே எண் கிடைக்காது.

6174ஐ வைத்து யாரும் பாலம் கட்டவில்லை. அதனால் அது குறைந்துபோகவும் இல்லை. காப்ரேக்கர் எண்களோடு விளையாடுவதில் கண்ட சந்தோஷத்துக்காகச் செய்தார், அது போதும் என்பது என் எண்ணம்.

காரணம் தெரியாத கோலத்தை நம்பலாமா?

முதன்மை எண் (பகா எண்) என்றால் 1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும், 1ஐ விடப் பெரிய எண். 31 முதன்மை எண். 331உம். 3331, 33331, 333331, 3333331, 33333331 எல்லாமே முதன்மை எண்கள். ஏழு தடவை சரியாக வந்துவிட்டது. அடுத்ததும் வரும் என்று யாருக்கும் தோன்றும்.

333333331 = 17 × 19607843.

இந்த வரிசைக்குப் பின்னால் அதைத் தாங்க ஒரு காரணமும் இருக்கவில்லை, அதனால் விழுந்தது. 142857 அப்படி விழாது, ஏனென்றால் ஏன் சுற்றுகிறது என்று எங்களுக்குத் தெரியும். கணிதத்தில் நிறுவல் என்று ஒன்று வைத்திருப்பது இதற்காகத்தான்: எத்தனை தடவை சரியாக வந்தது என்பதை வைத்து முடிவெடுக்காமல், ஏன் வந்தே ஆக வேண்டும் என்று காட்டுவது. லொத்தர் இலக்கங்களில் "வரிசை" பார்க்கிறவர்களுக்கு இந்தப் பகுதியை நான் தனியாகவே படிக்கச் சொல்வேன்.

இதுவரை மூன்று வகை பார்த்தோம். எழுதும் முறையால் வருவது (9இன் கூட்டுத்தொகை, 6174). எண்ணுக்குள்ளேயே இருப்பது, எந்த அடியில் எழுதினாலும் 1729 இரண்டு விதமாகப் பிரியும். தற்செயலாகச் சில தூரம் ஓடுவது (31, 331…).

கடைச் சாமானில் இருக்கிற மீதிக் கணக்கு

பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பார்கோட்டுக்குக் கீழே 13 இலக்கங்கள். இலங்கையில் பதிவு செய்த நிறுவனங்களின் இலக்கம் 479இல் தொடங்கும். முதல் 12தான் விவரம். கடைசி இலக்கம் காவல். அதைச் சரிபார்ப்பு இலக்கம் என்பார்கள்.

உதாரணத்துக்கு 479123456789 என்று எடுப்போம். இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை 3ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 4 + 21 + 9 + 3 + 2 + 9 + 4 + 15 + 6 + 21 + 8 + 27 = 129. அடுத்த பத்தின் மடங்கு 130. அதற்கு 1 வேண்டும். ஆகவே கடைசி இலக்கம் 1. காசாளரின் இயந்திரம் வாசித்தவுடன் இதே கணக்கைச் செய்கிறது. ஓர் இலக்கம் பிழைத்தாலும் மொத்தம் பத்தின் மடங்காக வராது, இயந்திரம் ஏற்காது.

ஏன் 3? 2 என்றால் என்ன? இங்கேதான் மீதியின் குணம் வேலை செய்கிறது. 0 முதல் 9 வரை 3ஆல் பெருக்கிக் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள்: 0, 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7. பத்தும் வேறு வேறு. 2ஆல் பெருக்கினால் 0, 2, 4, 6, 8, 0, 2… என்று திரும்ப வந்துவிடும். 0ஐயும் 5ஐயும் மாற்றி வாசித்தால் அகப்படாது. 3க்கும் 10க்கும் பொதுக் காரணி இல்லாததுதான் வித்தியாசம். இந்தக் காவலிலும் ஓட்டை உண்டு: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும்போது, அவற்றின் வித்தியாசம் 5 என்றால் (1உம் 6உம் போல) அது தப்பிவிடும்.

வங்கி அட்டையின் கடைசி இலக்கமும் இதே குடும்பம்தான், முறை கொஞ்சம் வேறு.

337 ஆண்டு காத்திருந்த பயன்

7க்கு ஆறு அடியில் மீதி 1க்குத் திரும்பினோமே, அது 7இன் தனி விசேஷமா? இல்லை என்றார் பிரான்சின் கணிதவியலாளர் ஃபெர்மா. 1640இல் அவர் எழுதியது: முதன்மை எண் எதுவானாலும், அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணையும் அந்த முதன்மை எண்ணைவிட ஒன்று குறைந்த தடவை தன்னோடு பெருக்கினால் மீதி 1 வரும். அன்றைக்கு இதனால் ஒரு சதம் பிரயோசனமும் இல்லை. எண் கோட்பாடு எந்தப் போருக்கும் உதவாது என்று ஹார்டி 1940இல்கூடப் பெருமையோடு எழுதினார்.

இதைப் பாருங்கள். 3 என்ற இரகசிய எண்ணை அனுப்ப வேண்டும். அதை ஐந்து தடவை பெருக்கினால் 243. 7ஆல் வகுத்த மீதி 5. அந்த 5ஐ அனுப்புகிறோம். கிடைத்தவர் 5ஐ ஐந்து தடவை பெருக்குகிறார்: 3125. 7ஆல் வகுத்த மீதி 3. இரகசியம் திரும்பிவிட்டது! மொத்தம் 25 தடவை பெருக்கியிருக்கிறோம். ஆறு ஆறாக நாலு சுற்று மீதி 1ஆகக் கழன்றுவிட, மிஞ்சுவது ஒரே தடவை, அதாவது அந்த 3 மட்டும்.

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற கணினி அறிஞர்கள் மூவரும் இந்த நடையிலிருந்து ஒரு பூட்டுச் செய்தார்கள். 7க்குப் பதிலாக இரண்டு மிகப் பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி வந்த எண். பூட்டுகிற எண் வேறு, திறக்கிற எண் வேறு. பூட்டுகிற எண்ணை ஊருக்கே சொல்லலாம். திறக்கிற எண்ணைக் கண்டுபிடிக்க அந்தப் பெரிய எண்ணை உடைக்க வேண்டும். இன்று வழக்கமாகப் பயன்படுத்தும் அளவில் அது 617 இலக்கம் நீளம், உடைக்க இப்போதுள்ள கணினிகளால் முடியாது. இணையத்தில் பாதுகாப்புக்கு இந்த முறை இன்னும் பயனில் இருக்கிறது. 142857 என்ற எண் இந்தப் பூட்டில் எங்கேயும் இல்லை. அது ஏன் சுற்றுகிறது என்பதற்கான காரணம்தான் இருக்கிறது.

பிள்ளையிடம் கொடுக்க ஒரு கணக்கு

அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தால், பிள்ளையிடம் ஒரு கடதாசி கொடுத்து 1ஐ 13ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 0.076923 என்று ஆறு இலக்கத்தில் சுற்றும். ஆனால் மீதி பன்னிரண்டு இருக்கலாமே, மற்ற ஆறு எங்கே? 2ஐ 13ஆல் வகுத்தால் 0.153846 என்று வேறொரு சுற்று வரும். 13க்கு இரண்டு மாலை. 17க்குப் போனால் திரும்ப ஒரே மாலை, 16 இலக்கம் நீளம். 100க்குக் கீழே 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97 ஆகிய ஒன்பது முதன்மை எண்கள் இப்படி ஒரே சுற்றில் எல்லா மீதியையும் தொட்டு வருகின்றன.

இப்படிப்பட்ட முதன்மை எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்று பிள்ளை கேட்டால், ஆம் என்றுதான் கணிதவியலாளர் ஆர்டின் 1927இல் ஊகித்தார் என்று சொல்லலாம். அதை இன்னும் யாரும் நிறுவவில்லை.